வேளாங்கண்ணி வரை நடந்து நட்பை முடித்துக்கொள்வது எப்படி?

ஆகஸ்ட் 29 சாயங்காலம் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8, மாதா பிறந்தநாளன்று இறங்கும். அதற்குள் புதுச்சேரியிலிருந்து காவி உடுத்திக்கொண்டு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நடந்து போய்ச் சேர வேண்டும். இதில் நடை சின்ன விஷயம். ஆயாக்கள் நடக்கிறார்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் நடக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாலைந்து பேர் சேர்ந்து கிளம்பி, போய்ச் சேரும்போது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதபடி செய்வதுதான் வித்தை. உங்களில் பெரும்பாலோர் எந்தப் பயிற்சியும் இல்லாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள், பாராட்டுகள். கீழ்க்கண்டபடி திட்டமிட்டுச் செய்தால் நாகப்பட்டினம் தாண்டுவதற்குள் பலன் உறுதி.

1. புறப்படுவதற்கு முந்தின நாள் நேரு வீதிக்குப் போய்ப் புது ஷூ வாங்குங்கள். கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். "நடக்க நடக்க லூசாயிடும் சார்" என்று கடைக்காரர் சொல்வார், நம்புங்கள். நடந்து பழகாதீர்கள். ஒரு மாதம் முன்பிருந்தே விடியற்காலையில் பீச் ரோட்டில் சுற்றுவதெல்லாம் மாதா மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்வது.

2. கூட வருகிறவர்கள் எதற்காக நடக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் அரியர் பேப்பருக்காக நடப்பான். ஒருவன் பிரான்சு விசாவுக்காக. அப்படி ஒருவன் இல்லாமல் புதுச்சேரியில் குழு சேராது. இன்னொருவன் ஒன்றும் சொல்ல மாட்டான், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்திருப்பான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மச்சி, என்னோடது கொஞ்சம் சீரியஸ்" என்று ஆரம்பியுங்கள்.

3. விடியற்காலை நாலு மணிக்குச் சம்பா கோயில் வாசலில் கூடுவதாகப் பேச்சு என்றால் ஐந்தரைக்கு வாருங்கள். வந்ததும், "என்னடா, இன்னும் கிளம்பலையா?"

4. மரப்பாலம் சிக்னல் வரை எல்லோரோடும் நடங்கள். அங்கிருந்து வேகம் எடுங்கள். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஊர்ப் பலகைகள் பின்னால் ஓட வேண்டும். முதல் நாள் காலையிலேயே வேளாங்கண்ணியைத் தொட்டுவிடப் போகிறவர் மாதிரி நடந்தால்தான் மூன்றாம் நாள் யாராவது உங்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போக முடியும். "மெதுவா போலாம்டா" என்று ஒருவன் சொல்வான். பெரும்பாலும் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்காரன்தான். அவனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு வரும் எல்லாப் படிகளுக்கும் அவன் தேவைப்படுவான்.

5. கன்னியக்கோயிலைத் தாண்டி முள்ளோடையில் புதுச்சேரி முடிகிறது. எல்லை என்பதால் வழியனுப்ப மதுக்கடைகள் வரிசையாக நிற்கும். மாலை போட்டு விரதம் இருக்கும் நண்பனின் பக்கத்தில் நடந்தபடி ஒவ்வொரு பெயர்ப் பலகையையும் சத்தமாக வாசியுங்கள். அதே சரக்கு தமிழ்நாட்டில் என்ன விலை என்றும் சொல்லுங்கள். பொது அறிவுதானே.

6. நடைபாதை இல்லாத ரோட்டில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொல்வார்கள். அப்படி நடந்தால் எப்படிப் பேசுவது? இடது பக்கமாக, லாரிக்கு முதுகைக் காட்டி, நாலு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நடங்கள். ராத்திரியில் டார்ச்சை அணைத்துவிடுங்கள். சார்ஜ் முக்கியம், நாளைக்கு ரீல்ஸ் எடுக்க வேண்டும். போலீஸ்காரர் பையில் ஒட்டிவிட்ட ஒளிரும் ஸ்டிக்கரை அலுங்காமல் உரித்தெடுத்தால் வீட்டு ஸ்கூட்டருக்கு ஆகும். வண்டி மோதிய செய்தியெல்லாம் வருகிறதே என்று யாராவது பயந்தால், "மாதா பாத்துப்பாங்க" என்று சொல்லுங்கள். லாரிக்காரர் பார்த்தாரா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

7. கடலூர் பழைய நகர் தாண்டி சிப்காட் வரும். வாடை அடிக்கும்போது பக்கத்தில் நடப்பவனை ஒரு மாதிரி பாருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம்.

8. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வாக்கில் குறித்து வைத்தவனுக்குக் கொப்புளம் வரும். புளியமரத்தடியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றுவான். குதிகாலுக்கு மேலே, வெந்த ஜவ்வரிசி போல பளபளவென்று உப்பியிருக்கும். சுற்றிலும் சிவந்து, சாக்ஸின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கொப்புளத்தின் மேல்தோல்தான் அதற்குச் சிறந்த கட்டு, அதை விட்டுவைத்துப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி போட்டால் போதும், நடந்தே ஆக வேண்டும் என்றால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடிக்கலாம் என்று முகாமில் நர்ஸ் அக்கா சொல்லியிருப்பார். அவர் கிடக்கட்டும். உங்கள் காவித் துண்டில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றுங்கள். பேன்ட்டில் ஒரு தேய் தேய்த்தால் சுத்தமாகிவிடும். நடுவில் குத்தி, தோலை முழுசாக உரித்துவிட்டு, "இப்ப காத்து படும், சீக்கிரம் ஆறிடும்" என்று தைரியம் சொல்லுங்கள். அவன் கத்துவதை வீடியோ எடுக்க ஒருவரை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். கொப்புளம் வருவது ஈரமும் உரசலும் சேர்வதால் என்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாக்ஸ் மாற்றி வாசலின் தடவினாலே பெரும்பாலும் வராது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதை இப்போது சொல்லுங்கள். நேற்றே சொல்லியிருந்தால் மதிப்பில்லை.

9. வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் மேசை போட்டு மோர், தண்ணீர், எலுமிச்சைச் சாதம், கால்வலி மாத்திரை என்று கொடுத்துக்கொண்டிருப்பார்கள். என்ன மதம், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் ஒரு அக்கா அடுப்பு மூட்டி டீ போட்டுக் கொடுப்பார். நீங்கள் டம்ளரைக் கையில் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை கம்மிக்கா" என்று சொல்லுங்கள். சாதம் என்றால், "தயிர் சாதம் இல்லையா?" குடித்த கப்பை அவர் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கும் வாசலிலேயே போடுங்கள். பத்தடி தள்ளிக் குப்பைத்தொட்டி இருக்கிறது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே நிறைய நடந்துவிட்டீர்கள்.

10. இது மிக முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். முன்னால் போகிறவர்கள் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காலை நீட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். நொண்டிக்கொண்டு வருபவன் தூரத்தில் தெரிவான். கிட்ட வருவான். பையை இறக்கப் பட்டையில் கை வைப்பான். அந்த நொடியில் எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டு, "சரி கிளம்பலாமா?" என்று கேளுங்கள். கொள்ளிடம் பாலத்தில் இதைச் செய்வது விசேஷம்; பாலம் நீளமானது, அவன் வருவதை வெகுநேரம் ரசிக்கலாம். மிக மெதுவாக நடப்பவனுக்கு ஓய்வே கிடைக்காது, வேகமாக நடப்பவர்களுக்கு ஓய்வு கொட்டிக் கிடக்கும் என்பது நடைக்குழுக்களின் இயற்கை விதி. மெதுவாக நடப்பவனை முன்னால் விட்டு அவன் வேகத்துக்கு எல்லோரும் நடந்தால் இந்த விதி கெட்டுவிடும். அதனால் அந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

11. மாதா சொரூபமும் ஸ்பீக்கர் செட்டும் சீரியல் லைட்டுமாகக் குழுவோடு ஒரு டாடா ஏஸ் வரும். நம்மூர்க்காரர்களுக்கு அது குட்டி யானை. சீர்காழியில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அதில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளுங்கள். ஆக்கூர் வந்ததும் யாரும் பார்ப்பதற்கு முன் இறங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, ஒரு மரத்தில் சாய்ந்து நின்று, "எவ்ளோ நேரம்டா உங்களுக்கு?" என்று கேளுங்கள். இந்த விஷயம் உங்களுக்கும் டிரைவருக்கும் மாதாவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

12. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்து மாப்பிள்ளைத் தாத்தாக்கள் மாலையோடு நிற்பார்கள். நாலு நாள் நடையில் உங்களுக்கு அவர்களைவிட வயது கூடித் தெரியும். வேகமாகக் கடந்துவிடுங்கள். தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது. யாராவது, "கொஞ்சம் பாத்துட்டு போலாமே" என்றால், "நாம டூருக்கா வந்திருக்கோம்?" என்று கேளுங்கள். பிறகு ரோட்டோரக் கடையில் முக்கால் மணி நேரம் கிரிக்கெட் பாருங்கள்.

13. காரைக்கால். இங்கேதான் உங்கள் திறமை முழுதாக வெளிப்பட வேண்டும். பொறையாறு தாண்டிப் பூவத்தில் நுழைந்ததும் பலகையைப் பாருங்கள்: புதுச்சேரி அரசு. நாலு நாளாகக் கால் தேய நடந்து மறுபடியும் புதுச்சேரிக்கே வந்திருக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய இடம் இது. சிரித்துவிட்டால் களைப்பு போய்விடும், சமாதானம் வந்துவிடும். அதனால் சண்டையை இங்கே ஆரம்பியுங்கள். காரணம் எதுவானாலும் பரவாயில்லை. பவர் பேங்கை யார் கடைசியாக எடுத்தது என்பது நல்ல காரணம். டாடா ஏஸ் டீசலுக்கு யார் எவ்வளவு கொடுத்தது என்பது அதைவிட நல்லது. "நான் அப்பவே சொன்னேன்" என்ற வாக்கியம் குறைந்தது மூன்று முறை வர வேண்டும். எதை அப்பவே சொன்னீர்கள் என்பது அவசியமில்லை.

இந்த ஊர் அம்மையார் கயிலைக்குத் தலையாலேயே நடந்து ஏறினார் என்று பெரிய புராணம் சொல்கிறது. அதை நினைவுபடுத்தி, நொண்டுகிறவனைப் பார்த்து, "அவங்க தலையால நடந்தாங்க, உனக்கு ஒரு கொப்புளத்துக்கு இவ்ளோ சீனா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நிற்கும் புதுச்சேரி பஸ்ஸைக் காட்டி, "முடியலன்னா ஏறிடு மச்சி, யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்று அன்பாகச் சொல்லுங்கள். எல்லோரும் தப்பாக நினைப்பார்கள் என்பது குரலில் தெரிய வேண்டும்.

விரதக்காரனை மறந்துவிடாதீர்கள். முள்ளோடையில் விட்ட விலைப்பட்டியல் இங்கே மறுபடியும் தொடங்குகிறது.

14. வாஞ்சூர் தாண்டினால் நாகூர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி தர்கா மனோரா தூரத்திலேயே தெரியும். தர்கா பக்கத்து வீடுகளிலிருந்தும் யாத்திரைக்காரர்களுக்குத் தண்ணீர் வரும். வாங்கிக் குடியுங்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காவிட்டால், "ஐஸ் வாட்டர் இல்லையா பாய்?"

15. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு இன்னும் சுமார் 12 கிலோமீட்டர். வேளாங்கண்ணியில் மோர் விற்ற கால் ஊனமான பையனுக்கு மாதா கால் கொடுத்ததும், அவன் செய்தி சொல்ல நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்பது கதை. அவன் கால் வந்து ஓடிய வழியில்தான் நீங்கள் கால் போய் நடக்கிறீர்கள். இன்னொரு கதையில், புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் ஒரு செப்டம்பர் 8 அன்று ஒரே கப்பலில், எல்லோரும் ஒன்றாகக் கரை சேர்ந்தார்கள். ஒன்றாகவே மண்டி போட்டார்கள். போர்ச்சுக்கீசியர்களுக்கு உங்கள் அளவுக்கு விவரம் போதாது. கடைசி 12 கிலோமீட்டரில் யார் முதலில் போகிறார்களோ அவர்களுடைய வேண்டுதல்தான் கியூவில் முன்னால் நிற்கும். ராத்திரி மூன்று மணிக்கு, மற்றவர்கள் கல்யாண மண்டபத்தில் தூங்கும்போது, சத்தமில்லாமல் எழுந்து கிளம்புங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்காரன் விழித்துக்கொண்டிருந்தால், "பாத்ரூம்" என்று சொல்லுங்கள்.

16. வேளாங்கண்ணி ஆர்ச்சுக்குக் கீழே வந்ததும் கால் தரையில் பாவாது. கண்ணில் தண்ணீர் வரும். விடாதீர்கள், முதலில் ஃபோனை எடுங்கள். வெள்ளைக் கோபுரம் பின்னால் தெரிய, காவித் துண்டு காற்றில் பறக்க, வலி முகத்தில் அளவாகத் தெரிய ஒரு படம் வேண்டும். முதல் படத்தில் பின்னால் யாரோ ஒரு பாட்டி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு அழுதுகொண்டிருப்பார். அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்கள். எழுத வேண்டிய வாசகம்: "160 கிலோமீட்டர். தனி ஒருவனாய்." சீர்காழி, ஆக்கூர் என்று விவரத்துக்குள் போக வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில், "ரீச்டு. நீங்க எங்க?" என்று போட்டுவிட்டு ஃபோனை அணையுங்கள்.

17. தங்குமிடம் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம் என்று ஜூலை மாதமே நீங்கள் பொறுப்பேற்றிருப்பீர்கள். அதே ஜூலையில் உங்களுக்கு மட்டும் ஒரு அறை போட்டிருப்பீர்கள். நண்பர்கள் வந்து கேட்டால், "திருவிழா டைம்டா, லாட்ஜ்ல காலடி வைக்க இடமில்ல, எனக்கே ஒருத்தர் பரிதாபப்பட்டு குடுத்தார்" என்று சொல்லுங்கள். கடற்கரை மணலில் ஆயிரக்கணக்கானவர்கள் படுத்திருக்கிறார்கள், அதுவே தனி அனுபவம் என்று எடுத்துரைத்துவிட்டு, ஏசி போட்டுத் தூங்குங்கள். பாத்ரூமுக்கு மட்டும் அவர்களை ஒவ்வொருவராக அனுமதிக்கலாம். ஐந்து நிமிடம்.

18. பேராலயத்திலிருந்து மாதா குளம் போகும் மணல் பாதையில் முட்டி போட்டுப் போவார்கள். ஈர மணல் முட்டியில் அப்பி, கால்சட்டைத் துணி கிழிந்து, மெழுகுவத்தியைக் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு முட்டியாக எடுத்து வைப்பார்கள். உங்கள் ஆளும் போவான், அந்தக் காலோடு. நீங்கள் பக்கத்திலேயே நடந்து சென்று, "இன்னும் கொஞ்சம்தான், வலது பக்கம் வா, கல்லு இருக்கு" என்று வழிகாட்டுங்கள். பாதி வழியில் வறுத்த மீன் வாசனை வரும். ஒரு மாதம் கவுச்சி தொடாத நாக்கு. "நான் போய் இடம் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். அவன் மாதா குளத்துக் கோயிலில் வெகுநேரம் இருப்பான். இரண்டு தடவை கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால், "வஞ்சிரம் ஆறுது" என்று செய்தி அனுப்பிவிட்டு அவன் பங்கையும் சாப்பிடுங்கள்.

19. மொட்டை போட்டுக்கொள்பவர்களுக்குச் சந்தனம் தடவிவிடுங்கள். இது ஒன்றில் மட்டும் விஷமம் வேண்டாம், வெயில் கடுமை.

20. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். நாலைந்து நாள் நடந்த தூரத்தை அது நாலைந்து மணி நேரத்தில் முடித்துவிடும். மோர் கொடுத்த மேசை, புளியமரம், கொள்ளிடம் பாலம் எல்லாம் ஜன்னலில் பின்னால் போகும். பக்கத்தில் இருப்பவன் ஒவ்வொன்றையும் காட்டி, "மச்சி, இங்கதானே..." என்று தொடங்குவான். இயர்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

21. ஊருக்கு வந்து முதல் ஞாயிற்றுக்கிழமை சம்பா கோயில் பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது, முழுக்க நடந்தது யார் என்ற பேச்சை எடுங்கள். நொண்டியவனை நாகூருக்கு முன்னால் ஒருவர் பைக்கில் மூன்று கிலோமீட்டர் ஏற்றிவந்தது எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லுங்கள். "வேண்டுதல்னா முழுசா பண்ணணும், இல்லன்னா பலிக்காதுன்னு எங்க ஆயா சொல்லும்" என்று சேர்த்துச் சொன்னால் போதும். அவன் அம்மாவும் அங்கே நின்றால் நல்லது.

22. கடைசியாகக் கணக்கு. எக்செல் ஷீட்டில் போடுங்கள், நாகரிகம். டாடா ஏஸ் வாடகை, டீசல், டிரைவர் படி, மெழுகுவத்தி, பஸ். உங்கள் ஏசி அறையை "பொதுக் குளியலறைச் செலவு" என்று எழுதி ஐந்தால் வகுங்கள். டிரைவருக்கு ஆக்கூரில் வாங்கிக் கொடுத்த டீயைச் சேருங்கள். ஆலப்பாக்கத்து மோருக்கு ஆளுக்கு 40 ரூபாய். அது சும்மா கொடுத்தது என்று எவனாவது ஞாபகப்படுத்தினால், "உண்டியல்ல போட்டேன்டா" என்று சொல்லுங்கள். குறித்து வைத்தவன் ஒன்றும் கேட்காமல் அன்று ராத்திரியே பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிடுவான். மறுநாள் அவனுக்குத் தனியாக, "என்னாச்சு மச்சி?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல், அடுத்த வருடத்து வண்டிக்கு அட்வான்ஸ் கேளுங்கள்.